தாளில் நார் ஓடும் திசை

மாசி சிவராத்திரிக்கு எங்கள் குலதெய்வக் கோயிலில் எல்லாக் கிளையும் கூடிவிடும். மருங்காபுரியிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே போனால், வேப்பமரத்தடியில் கூரையில்லாத சாமி. பொங்கல் இறக்கி, படையல் போட்டு, விபூதி வாங்கியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். தரையில் துண்டு விரித்து அதன்மேல் வம்சாவளிப் புத்தகத்தைப் பிரித்து வைப்பார்கள். அந்த வருஷம் பிறந்த பிள்ளை, வந்த மருமகள், போய்ச் சேர்ந்த பெரியவர் எல்லோர் பெயரும் அந்தந்தக் கிளைக்கு நேரே ஏறும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிப் பிரித்து வைத்தபோது காற்று தூக்கியது. நாலு தாள் முதுகிலிருந்து கழன்று பறந்தது. மூன்றைப் பிள்ளைகள் ஓடிப் பிடித்தார்கள். நாலாவது பொங்கல் அடுப்போரம் விழுந்து, விளிம்பு கருகித்தான் கைக்கு வந்தது. என் மாமனாருடைய தாத்தா பெயர் இருந்த தாள் அது. யாரும் எதுவும் பேசவில்லை. என் ஓரகத்தி மட்டும் அந்தத் தாளைத் தட்டித் தட்டிச் சாம்பலைப் போக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் புத்தகம் 2011இல் நாங்கள் ஆசை ஆசையாகப் போட்டது. அதற்கு முன்னால் இருந்தது மாமனார் கையால் எழுதிய ஒரு பேரேடு. சிவப்புத் துணி போட்ட நீளக் கணக்குப் புத்தகம். அறுபது வருஷம் பரணிலும் பெட்டியிலும் கிடந்திருக்கிறது, ஒரு தாள் கழலவில்லை. பன்னிரண்டு வருஷம்கூடத் தாங்காதது நாங்கள் பணம் கொடுத்து அச்சடித்த பளபளப்புப் புத்தகம்தான். இது ஏன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. புதுப் பதிப்பு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷம் தமிழ் நடத்தியதில் பிழை திருத்தத் தெரியும். தாளையும் தையலையும் இனிமேல்தான் படிக்க வேண்டும் என்ற நிலை.

முதலில் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அங்கே பழைய நூல்களுக்குக் கையால் பைண்டிங் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வீட்டுத் திண்ணைதான் அவர் பட்டறை. புத்தகத்தை வாங்கி, எழுத்தைப் பார்க்கவே இல்லை. நடுவில் பிரித்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். முதுகில் படக்கென்று ஒரு சத்தம்.

“பாத்தீங்களா டீச்சர், கோந்து காஞ்சு கட்டியா இருக்கு. தாளும் ஆர்ட் பேப்பர். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது.”

ஆர்ட் பேப்பர் என்பது தாளின்மேல் வெள்ளைக் களிமண், சுண்ணாம்புப் பொடி மாதிரியானவற்றைப் பூசி மெருகேற்றியது. படம் அதில் பளிச்சென்று விழும், ஏனென்றால் மை உள்ளே ஊறாமல் மேலேயே நிற்கும். அதே காரணத்தால் கோந்தும் உள்ளே போகாது. பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று சொல்லும் கோந்து பைண்டிங்கில், அடுக்கிய தாள்களின் முதுகைச் செதுக்கி, சூடான பசையைத் தடவி, அட்டையைப் போர்த்துகிறார்கள். பசை பிடித்துக்கொள்ள நார் வேண்டும். பூச்சுத் தாளில் அது பூச்சைத்தான் பிடிக்கிறது, பூச்சு நாரை விட்டு உரிந்தால் தாள் கையோடு வந்துவிடுகிறது. அந்தச் சூட்டுப் பசையும் வெயிலில் இளகும், நாளானால் இறுகி விரிசல் விடும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் கிடந்த புத்தகத்துக்கு வேறென்ன நடக்கும்?

இன்னொரு குறையும் இருந்தது. அதை நாங்கள் முதல் வருஷமே பார்த்தோம், பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. பளபளப்புத் தாளில் பேனா பிடிக்கவில்லை. பால்பாயிண்ட் வழுக்கியது. ஜெல் பேனாவில் எழுதினால் காய்வதற்குள் விரல் பட்டு இழுத்துக்கொண்டது. ஒரு குழந்தையின் பெயர் இன்றைக்கும் ஊதாக் கறையாகத்தான் இருக்கிறது. வருஷா வருஷம் எழுதுவதற்கென்றே உள்ள புத்தகத்துக்கு எழுத முடியாத தாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அச்சகத்தில் மூன்று மாதிரிகளை நீட்டினார்கள், நாங்கள் தடவிப் பார்த்தோம், கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று இருந்ததைக் காட்டினோம். இந்தப் புத்தகத்தை யார், எங்கே வைத்து, எப்படிப் பிரிப்பார்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பெரியவர் அடுத்துக் காட்டியதுதான் என்னை உலுக்கியது. கழன்ற தாளின் ஓரத்தில் ஒரு துண்டை நெடுக்கே கிழித்தார், கோணலும் மாணலுமாகப் போனது. குறுக்கே கிழித்தார், கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. பிறகு கழித்துப் போட்ட வேறொரு தாளிலிருந்து சதுரமாக ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஈர விரலால் தடவித் தரையில் வைத்தார். அது பாய் சுருட்டுவது மாதிரி தானாகச் சுருண்டது.

“இந்தச் சுருளுக்குள்ள ஒரு குச்சியை விட்டா, குச்சி எந்தப் பக்கம் பாக்குதோ அதுதான் நார் ஓடுற பக்கம். அந்த ஓட்டம் புஸ்தகத்தோட முதுகை ஒட்டி மேலயும் கீழயுமா போகணும். உங்க புஸ்தகத்துல குறுக்க போகுது.”

காகித ஆலையில் கூழை ஓடும் வலைமேல் ஊற்றும்போது 100க்கு 99 பங்கு தண்ணீர்தான். அந்த ஓட்டத்தோடு இழுபட்டு நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில் பருக்கும். ஆகவே தாள் விரிவதும் சுருங்குவதும் நாருக்குக் குறுக்கே. நார் முதுகுக்கு இணையாக இருந்தால் ஐப்பசி மழையில் தாள் வெளி ஓரத்தை நோக்கி ஒரு முடி அளவு விரியும், யாருக்கும் தெரியாது. நார் குறுக்கே இருந்தால் விரிய வேண்டிய திசை முதுகு நெடுகிலும் அமைந்துவிடும். அங்கே பசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. விரிய இடமில்லாமல் தாள் அலை அலையாக நெளிகிறது. மடங்கவும் மறுக்கிறது. புத்தகம் தட்டையாகப் படுக்காது, நாம் அழுத்துவோம், அழுத்தினால் பசை உடையும். எங்கள் நாலு தாளும் காற்றில் பறந்த கதை அச்சகத்தில் தாளை எந்தப் பக்கமாக வெட்டினார்கள் என்பதிலேயே தொடங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் புத்தகங்களோடு வாழ்ந்தும் தாளுக்கு ஒரு திசை உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

அன்று அவர் மடியில் வேறொரு புத்தகமும் இருந்தது. ஸ்ரீரங்கம் ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் வெளியிட்ட சங்கரர் நூல் வரிசையில் ஒரு தொகுதி. டி.கே. பாலசுப்ரமண்ய ஐயர் நடத்திய அச்சகம் அது. 1910 வாக்கில் அந்த வரிசையை 20 தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். ஊரே கோயிலைச் சுற்றி இருக்கிற ஒரு தீவிலிருந்து, நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிற வேலை. துணி அட்டை மூலையில் நைந்து, மேலட்டை கீலில் விட்டுப்போயிருந்தது. ஆனால் உள்ளே நூல் தையல் அப்படியே இருந்தது. பதினாறு பதினாறு பக்கமாக மடித்து, மடிப்பின் நடுவில் ஊசி ஏற்றி, அடுத்த மடிப்போடு கோத்துப் போட்ட தையல். எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் தட்டையாகப் படுத்தது. அட்டையை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு வரும் என்றார். என் மாமனாரின் பேரேடும் இதே தையல்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஓலைச் சுவடியில்கூட ஒட்டு கிடையாது, துளையில் கயிறுதான். அவிழ்க்கலாம், திரும்பக் கட்டலாம்.

இனி அச்சக வேலை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் தெப்பக்குளம் பக்கம் ஓர் அச்சகத்தைப் பிடித்தேன். சிவகாசிக்குப் போகலாம் என்று கொழுந்தனார் சொன்னார். ஆயிரக்கணக்கில் அடிப்பதாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். 300 படிக்கு, நினைத்த நேரத்தில் போய்த் தாளைத் தொட்டுப் பார்க்கிற தூரம்தான் முக்கியம்.

அச்சகத்தில் தாளின் கனத்தை இரண்டு கணக்கில் பேசுகிறார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். இன்னொன்று ரீம் எடை. 23க்கு 36 அங்குலத் தாளில் 500 சேர்ந்தது ஒரு ரீம். அது 70 ஜிஎஸ்எம் ஆனால் 18.6 கிலோ, 80 ஆனால் 21.3 கிலோ. “பதினெட்டு ஆறு போடலாமா, இருபத்தொண்ணு மூணு போடலாமா?” என்று அச்சகக்காரர் கேட்டதும் எனக்கு முதலில் விளங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அழகாக விளங்கியது. அந்தத் தாளை நாலு முறை மடித்தால் டெமி அளவில் 16 இலை, 32 பக்கம். உயரம் 36 அங்குலப் பக்கத்தில் விழுகிறது, ஆகவே நாரும் 36 அங்குலப் பக்கமாக ஓட வேண்டும். இதை நானே சொன்னதும் அச்சகக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “லாங் கிரெயின் கேக்குறீங்களா மேடம்? கேக்குறவங்க கம்மி. பாத்து வாங்கிடலாம்,” என்றார். கேட்டால் கிடைக்கிற விஷயம்தான். கேட்கத் தெரிய வேண்டும்.

மேப்லித்தோ தாள்தான் என்பதில் சந்தேகமில்லை. பூச்சில்லாத, பேனா பிடிக்கிற, பாடநூலுக்கும் நோட்டுக்கும் போடுகிற தாள். 60 ஜிஎஸ்எம் போட்டால் மறுபக்கத்து எழுத்து தெரிந்தது, பெயர்ப்பட்டியல் படிக்கிற பெரியவர்களுக்குக் கண் கூசும். 70இல் அச்செழுத்து சரியாக நின்றது, ஆனால் ஊற்றுப்பேனா மை பின்பக்கம் லேசாகக் கசிந்தது. 80இல் கசியவில்லை. மூன்று மாதிரியையும் வீட்டுக்கு எடுத்து வந்து, வீட்டில் இருந்த எல்லாப் பேனாவாலும் எழுதி, வெயிலில் ஒரு நாள், ஈரத் துணிக்கு அடியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். கண்ணைப் பறிக்கிற வெள்ளை வேண்டாம் என்று சற்றே மஞ்சள் பாய்ந்த நேச்சுரல் ஷேட் எடுத்தேன். பழுப்பேறினாலும் வித்தியாசம் தெரியாது.

பக்கக் கணக்கில்தான் வீட்டில் சண்டை வந்தது. பழைய புத்தகத்தில் 96 பக்கம். அதில் பெண் மக்கள் பெயர் இல்லை. பிறந்து, கட்டிக்கொடுத்தவுடன் கோடு நின்றுவிடும். இந்த முறை மகள்களும் அவர்கள் பிள்ளைகளும் வர வேண்டும் என்றேன். ஓரகத்தி என் பக்கம். அவர்கள் பெயரெல்லாம் சேர்ந்ததும் 176 பக்கம் ஆனது. செலவைக் குறைக்க எழுத்தைச் சின்னதாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. காகிதம் போதாமல் எழுத்தைச் சுருக்குவது நம் ஊரில் அச்சு வந்த காலத்திலேயே நடந்ததுதான். தரங்கம்பாடியில் 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானபோது காகிதத் தட்டுப்பாட்டால் சின்ன எழுத்து வார்த்தார்கள், பக்கத்துப் பொறையாறில் காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. எங்களுக்கு அப்படி ஒரு முடை இல்லை. எழுத்தைக் குறைக்க நான் சம்மதிக்கவில்லை.

குறைப்பதற்குப் பதிலாக ஒரு மடிப்பு கூட்டினோம். 176 பக்கம் என்றால் 16 பக்கச் செக்‌ஷன் பதினொன்று. பன்னிரண்டாவதாக ஒரு வெற்றுச் செக்‌ஷன், கோடு மட்டும் போட்டு. இனி பிறப்பவர்களுக்கு. ஆக 192 பக்கம், ஒரு படிக்கு 6 பெரிய தாள், 300 படிக்கு 1,800 தாள், அதாவது 3.6 ரீம். ஓட்டத்தில் வீணாவதைச் சேர்த்து 4 ரீம் வாங்கினோம். ஒரு வெற்றுச் செக்‌ஷனுக்கு ஆன செலவு, அந்த வருஷப் படையலுக்கு வாங்கும் மாலைச் செலவுகூட இல்லை.

படங்களுக்கு மட்டும் ஆர்ட் பேப்பரை விட மனசில்லை. மாமனாரின் ஒரே படம், கோயில் பழைய பீடம், 1970களில் எடுத்த கூட்டுப் படம். மேப்லித்தோவில் அடித்துப் பார்த்தால் முகங்கள் மங்கின. 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் 8 பக்கம் தனி மடிப்பாக அடித்து, நடுவில் வைத்துத் தைத்துவிட முடிவு செய்தோம். தையல் என்றால் பூச்சைப் பற்றிக் கவலையில்லை, நூல் தாளின் ஊடே போகிறது. பளபளப்பு இல்லாத மேட் பூச்சு கேட்டேன். பழைய புத்தகத்தில், வீட்டுக் கூரை ஒழுகிய வருஷம், எதிரெதிர்ப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தபோது இரண்டு முகமும் போய்விட்டன. ஈரத்தில் அந்தப் பூச்சு பசையாகிவிடும். மேட் பூச்சும் நனைந்தால் ஒட்டும்தான். அதனால் படங்களை எதிரெதிராக வைக்காமல், ஒரு பக்கம் படம், எதிரே குறிப்பு என்று மாற்றினோம்.

அட்டையைப் பற்றிப் பேசும்போது எங்கள் உறவுக்காரப் பையன் குறுக்கிட்டான். மொண்டிப்பட்டி ஆலையில் வேலை பார்க்கிறவன். “சித்தி, நம்ம ஊர் அட்டையை விட்டுட்டு எங்கேயோ தேடுறீங்களே?” என்றான். கேட்டது நியாயம். டிஎன்பிஎல் என்று எல்லோரும் சொல்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் பக்கம் காகிதபுரத்தில் 1984இல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கத் தொடங்கியது. சர்க்கரை ஆலைகளுக்கு நீராவி கொடுத்துவிட்டு, அவர்கள் எரிக்கிற சக்கையை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. அதன் இரண்டாவது ஆலை மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் 2016இல் ஓட ஆரம்பித்தது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை செய்யும் திறன். மருந்துப் பெட்டி, பற்பசைப் பெட்டி, புத்தக மேலட்டை என்று போகிறது. பல அடுக்காகச் செய்கிற அட்டை அது. மேலும் கீழும் உறுதியான கூழ், நடுவில் பருமன் கொடுக்கிற கூழ். அதனால் எடை குறைவாக இருந்தும் விறைப்பாக நிற்கும். முறுக்கும் மாட்டுச் சந்தையும் மட்டும்தான் மணப்பாறை என்று நினைத்திருந்த எனக்கு, நாம் கடையில் வாங்கிப் பிரித்துப் போடுகிற பெட்டி நம் வானம் பார்த்த பூமியிலிருந்து போயிருக்கலாம் என்பது பெருமையாகத்தான் இருந்தது.

அவன் கொண்டுவந்து காட்டிய அட்டைகளில் ஒன்றுக்கு முதுகு சாம்பல் நிறம், மற்றதற்கு இரண்டு பக்கமும் வெள்ளை. உள்ளட்டையில் கோயில் இருக்கும் வழியை வரைபடமாகப் போட நினைத்ததால் வெள்ளை முதுகு அட்டையே எடுத்தோம், 300 ஜிஎஸ்எம். இந்தக் கனத்தை மடிக்கும் முன் கிரீசிங், அதாவது மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது, போட்டே ஆக வேண்டும். வெறுமனே மடித்தால் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும். லாமினேஷன் ஒரு பக்கம் மட்டும் என்பதால் மழைக்காலத்தில் அட்டை நாய்க்காது மாதிரி சுருளும். உள்பக்கம் ஈரத்தை இழுக்கிறது, பிளாஸ்டிக் பக்கம் இழுப்பதில்லை. அதற்கு அட்டையை அகலமாக வெட்டி, மூன்று அங்குலம் உள்ளே மடித்துவிடச் சொன்னார் பெரியவர். உள்மடிப்பின் பாரம் சுருளலைப் பிடித்து வைக்கும்.

260 படிக்கு இந்த அட்டை. மீதி 40 படி கெட்டி அட்டை, காலிகோ துணி. கிளைக்கு ஒன்று, கோயிலுக்கு இரண்டு, மற்றவை கேட்கிற பெரியவர்களுக்கு. தையல் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதில் மட்டும் வித்தியாசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கெட்டி அட்டை வேலை ஸ்ரீரங்கத்துத் திண்ணைக்குப் போகிறது. அவர் மைதாவைக் காய்ச்சி, மயில்துத்தம் கலந்து பசை செய்கிறார். துத்தம் இல்லாவிட்டால் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் மாவை ருசி பார்த்துவிடும். முதுகுக்கு மட்டும் ஃபெவிக்கால், அதன்மேல் வலைத்துணி. ஏன் எல்லாவற்றுக்கும் ஃபெவிக்கால் போடக் கூடாது என்று கேட்டேன். “மைதாவைத் தண்ணி தொட்டா உரிச்சிரலாம்மா. நாளைக்கு ஒருத்தன் இதைத் திரும்பக் கட்டணும்ல?” என்றார்.

யாராவது மலரோ கதைப் புத்தகமோ கோயில் வரலாறோ அச்சிடப் போகிறீர்கள் என்றால் அச்சுக்கு முன் டம்மி கேளுங்கள். அச்சில்லாத வெறும் தாள், ஆனால் அதே தாள், அதே பக்க எண்ணிக்கை, அதே தையல், அதே அட்டை. எங்கள் டம்மி போன மாதம் வந்தது. அதைக் கோயிலுக்கே எடுத்துப் போனோம். தரையில் துண்டு விரித்து, நடுவில் பிரித்து வைத்தேன். கை எடுத்தும் மூடிக்கொள்ளவில்லை. ஓரகத்தி ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், புத்தகமே கூட எழும்பி வந்தது. கொழுந்தனாரின் பேரன் கடைசிச் செக்‌ஷனில் தன் பெயரை மூன்று பேனாவில் எழுதினான்.

இப்போது அச்சகத்தில் ஃபாரங்கள், அதாவது அச்சுத் தாள்கள், ஓடிக்கொண்டிருக்கின்றன. 300க்கு மேல் கிடைக்கிற உபரியில் பத்துப் பன்னிரண்டு செட்டை மடித்ததோடு நிறுத்தி, தைக்காமல், துணியில் கட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அச்சகக்காரர் எதற்கு என்று கேட்டார். அந்த வெற்றுச் செக்‌ஷன் ஒருநாள் நிரம்பும். அப்போது இன்னொரு மடிப்பை அடித்து, இவற்றோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். அந்த மூட்டையை வைக்க என் மாமனாரின் தகரப் பெட்டியை வெளியே எடுத்து, வெயிலில் காயப் போட்டிருக்கிறேன்.